உள்ளே மாற்றிவிட்டால் நம்பர் ஏன் மறைகிறது?

கேள்வி: மன்னார்குடியில் அரிசி ஆலை வைத்திருக்கிறோம். மூன்று லேண்ட்லைன், பன்னிரண்டு எக்ஸ்டென்ஷன். லைன்களை எக்ஸ்டென்ஷன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஈபிஏபிஎக்ஸ் பெட்டியில், அழைப்பைத் தானாக எடுத்துப் பேசும் வரவேற்புக் குரல் போட்டதிலிருந்து பெரும்பாலான அழைப்புகளுக்கு நம்பர் தெரிவதில்லை. தெரிந்தாலும், கணக்கறைக்கு மாற்றும்போது அங்கே வரவேற்பின் எக்ஸ்டென்ஷன் நம்பரான 21தான் வருகிறது. பெயரையும் வரவைக்க முடியுமா? புதுப் பெட்டி வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். முதலில் ஒரு சோதனை. பெட்டிக்குள் போகும் லைன் ஒயரைக் கழற்றி, திரை உள்ள சாதாரண போனில் நேராகச் செருகுங்கள். செல்லிலிருந்து அந்த லைனுக்கு அடித்துப் பாருங்கள். மூன்று லைனையும் இப்படியே பாருங்கள். நம்பர் வராத லைனுக்கு எக்ஸ்சேஞ்சில் காலர் ஐடி (அழைப்பவர் நம்பரைக் காட்டும்) வசதியைக் கேட்க வேண்டும். வந்தும் கரகரவென்று சத்தம் இருந்தால் ஒயர் இணைப்புகளைப் பாருங்கள். நம் பக்கம் ஐப்பசி அடைமழைக்குப் பிறகு களிம்பேறிய இணைப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த இரைச்சலில் நம்பர் சிதைந்துவிடும்.

நேராகச் செருகினால் வருகிறது, பெட்டி வழியாக வரவில்லை என்றால் கோளாறு பெட்டியின் அமைப்பில். நம்பர் லைனில் இரண்டு விதமாக வரும். ஒன்று, முதல் மணி அடிப்பதற்கு முன்பே டிடிஎம்எஃப் ஒலிகளாக, அதாவது போன் பட்டனை அழுத்தினால் வரும் ஒலிகளாக. மற்றொன்று, முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில் எஃப்எஸ்கே முறையில், அதாவது இரண்டு ஒலிகள் மாறி மாறி வரும் தகவலாக. உங்கள் லைன் இரண்டாவது வகையாக இருந்து, வரவேற்புக் குரல் முதல் மணியிலேயே எடுத்துவிட்டால், நம்பர் வந்து சேர நேரமே இல்லை. இரண்டு மணி கழித்து எடுக்கும்படி மாற்றச் சொல்லுங்கள். லைன் அனுப்பும் முறையும் பெட்டியில் வைத்திருக்கும் முறையும் ஒன்றா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

அப்புறம் கணக்கறை. வரவேற்பில் இருப்பவர் கணக்கறையைக் கூப்பிடும்போது பெட்டியின் கணக்கில் அது 21 பேசும் உள் அழைப்பு. அதனால் 21 தெரிகிறது. சாதாரண போனுக்கு நம்பர் மணியோடு சேர்ந்துதான் போகும். எடுத்துப் பேசிய பிறகு வரவேற்பு விலகிக்கொண்டாலும் திரை மாறாது. டிஜிட்டல், ஐபி போன்களில் மாறும். சில பெட்டிகளில், மாற்றும் அழைப்புக்கு வெளி நம்பரையே காட்டும் அமைப்பு உண்டு. கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு லைனை நேரே கணக்கறையில் மணி அடிக்க விட்டு, அந்த நம்பரை நெல் வியாபாரிகளிடம் கொடுங்கள். குறுவை அறுவடை சமயத்தில், வழியில் நிற்கும் லாரிக்காரரிடம் “யாரு, எங்கேருந்து?” என்று விசாரித்துக்கொண்டிருக்க நேரம் ஏது?

பெயர் விஷயம்: உங்கள் செம்புக் கம்பி லைனில் நம்பர் மட்டும்தான் வருகிறது. செல்போனில் ட்ரூகாலர் காட்டும் பெயர், இணையம் வழியாக அவர்கள் பட்டியலிலிருந்து எடுப்பது. அழைப்பவர் பெயரை நெட்வொர்க்கே காட்ட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது உண்மை. ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். வழக்கமாகக் கூப்பிடுகிறவர்களின் பெயரைப் பெட்டியின் போன்புக்கில் பதிந்துகொள்ளுங்கள். திரையில் பத்து இலக்கமாக வந்தால் பத்தாகவே பதியுங்கள். முன்னால் 0 போட்டுப் பதிந்தால் பல பெட்டிகள் இரண்டையும் வேறு வேறு ஆளாகவே பார்க்கும்.

தவறிய அழைப்பைத் திரும்ப அடிக்கும்போது இதற்கு நேர்மாறு. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்லுக்கு 0 சேர்த்துத்தான் அடிக்க வேண்டும். அதற்கும் முன்னால் வெளி லைன் எடுக்க உங்கள் பெட்டி கேட்கும் 0 அல்லது 9 வேறு இருக்கிறது. இவற்றைத் தானாகச் சேர்க்கும் வசதி உங்கள் பெட்டியில் இல்லாவிட்டால், பட்டியலில் நம்பரைப் பார்த்துக் கையால் அடியுங்கள்.