வெடித்த களிமண் பலகைகள்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு இரண்டு நாள் வரலாற்று முகாம் நடத்தினோம். பிள்ளைகள் நாணல் குச்சியால் களிமண்ணில் சுமேரிய எண்களை எழுதினார்கள், நண்பகல் நிழலை அளந்தார்கள், கடைசியில் எசமானும் அடிமைகளுமாக ஒரு சந்தைக் காட்சி நடித்தார்கள். வீட்டுக்குப் போகவே அவர்களுக்கு மனமில்லை. ஆனால் பாதிப் பலகைகள் காய்வதற்குள் வெடித்துவிட்டன. "இந்த நேரத்தில் இரண்டு பாடம் முடித்திருக்கலாமே" என்றார் சக ஆசிரியர் ஒருவர். இது வரலாறா, விளையாட்டா?

ஒரு வரலாற்று ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

வெடித்த பலகைகளை எறிந்துவிடாதீர்கள். ஏன் வெடித்தன என்று பிள்ளைகளையே கேளுங்கள். வெயிலில் சட்டென்று காய்ந்ததா, ஓரம் மெலிந்து நடு தடித்திருந்ததா, மண்ணைச் சரியாகப் பிசையவில்லையா? இந்தக் கேள்விகளையெல்லாம் ஒரு காலத்தில் யாரோ கேட்டுத் தீர்த்திருக்கிறார்கள்.

"சுமேரியர் ஆப்பு வடிவ எழுத்தைப் பயன்படுத்தினர்" என்று பாடநூல் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. ஏன் ஆப்பு வடிவம்? ஈரக் களிமண்ணில் வளைகோடு இழுத்தால் மண் இருபுறமும் பிதுங்கி மேடாகிறது. அழுத்தி எடுத்தால் தடம் சுத்தமாக விழுகிறது. படங்களாகத் தொடங்கிய எழுத்து ஆப்புகளாக மாறியதற்கு இது முக்கியமான காரணம். குச்சியைப் பிடித்த பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இன்றைய ஈராக்கிலுள்ள பழைய சுமேரிய நகரமான நிப்பூரில், 3,700 ஆண்டுகளுக்கும் முற்பட்ட மாணவர் பயிற்சிப் பலகைகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. ஆசிரியரின் வரியைப் பார்த்து எழுதிய தடுமாற்றமான கையெழுத்தும் அவற்றில் உண்டு. உங்கள் பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். தங்கள் வயதுள்ள ஒருவனை அவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அறிஞர்களும் இப்படித்தான் கற்கிறார்கள். 1972இல் இங்கிலாந்தில் தொடங்கிய பட்சர் பழங்காலப் பண்ணையில் தொல்லியலாளர் பீட்டர் ரெனால்ட்ஸ், இரும்புக்காலத்தவர்போல் குழி வெட்டித் தானியத்தைக் கொட்டி, காற்றுப் புகாமல் மூடிப் பார்த்தார். ஓரத்துத் தானியம் ஈரத்தில் முளைவிட்டு, உள்ளிருந்த ஆக்சிஜனைத் தீர்த்துக் கரியமில வாயுவை நிரப்பியது. மீதித் தானியம் கெடாமல் இருந்தது. ஆனால் இத்தகைய சோதனை "இப்படிச் செய்திருக்க முடியும்" என்றுதான் சொல்லும். "இப்படித்தான் செய்தார்கள்" என்று சொல்லாது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் வாயாலேயே சொல்லவைத்தீர்களானால் உங்கள் முகாம் வரலாறு. சொல்லவைக்காவிட்டால் அது கைவேலை வகுப்பு மட்டுமே.

நிழல் அளந்தது நல்லது. வடக்கிலோ தெற்கிலோ தொலைவிலுள்ள ஒரு பள்ளியையும் அதே நாளில் அளக்கச் சொல்லுங்கள். பண்டைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவைக் கணித்த வழி பிடிபட்டுவிடும்.

சந்தைக் காட்சியை மட்டும் விட்டுவிடுங்கள், இதை மன்றாடியே கேட்கிறேன். அடிமையாக நிற்கப்போவது யார் என்று வகுப்பில் எப்படி முடிவு செய்தீர்கள்? விற்கப்பட்ட மனிதரின் துயரம் பத்து நிமிட வேடத்தில் வராது. வேடம் போட்ட பிள்ளைக்கு வகுப்பில் ஒரு பட்டப்பெயர் வந்துவிடலாம். மனிதர்களை விற்ற ஒப்பந்தங்களும் அதே களிமண்ணில்தான் எழுதப்பட்டன. பலகை கையில் இருக்கும்போதே அதைச் சொல்லுங்கள். போதும்.

சக ஆசிரியரோடு வாதாட வேண்டாம். அடுத்த முகாமில் அவர் கையிலும் ஒரு நாணல் குச்சியைக் கொடுத்து, ஈரக் களிமண்ணில் ஒரு மீன் வரையச் சொல்லுங்கள்.

அன்புடன்.