ஓடும்போது கடிகாரத்தில் எதைப் பார்ப்பது?

கேள்வி: எனக்கு 54 வயது. தினமும் காலையில் கோட்டையைச் சுற்றி ஓடுகிறேன். மகள் கார்மின் ஃபோர்ரன்னர் 165 என்ற ஓட்டக் கடிகாரம் வாங்கித் தந்திருக்கிறாள். திரையில் ஒரே நேரத்தில் பல எண்கள் வருகின்றன. கண்ணாடி இல்லாமல் ஒன்றுமே தெரியவில்லை, நின்று நின்று பார்க்கிறேன். எதை வைத்துக்கொள்வது, எதை எடுத்துவிடுவது?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: எனக்கும் கிட்டத்தட்ட உங்கள் வயதுதான் சார். வெள்ளெழுத்து வந்து ஏழு வருடம் ஆகிறது. ஆனால் எலியட்ஸ் கடற்கரையில் விடியும் முன்பே, தெருவிளக்கு வெளிச்சத்தில், ஓட்டத்தை நிறுத்தாமல் என் கடிகாரத்தைப் படித்துவிடுகிறேன். காரணம், முதல் திரையில் இரண்டே எண்கள்தான் வைத்திருக்கிறேன். கட்டங்கள் குறையக் குறைய எழுத்து பெரிதாகும்.

மாற்றுவதை வீட்டில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். வலது பக்கம் மேலே உள்ள பட்டனை அழுத்தி, 'ரன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டத்தைத் தொடங்க வேண்டாம். இடது பக்கம் மூன்று பட்டன்கள் இருக்கும். அவற்றில் நடுப்பட்டனை அழுத்திப் பிடித்தால் மெனு வரும். ரன் செட்டிங்ஸ், அதற்குள் டேட்டா ஸ்க்ரீன்ஸ். மாற்ற வேண்டிய திரையைத் தேர்ந்தெடுத்தால், அதில் எத்தனை கட்டம் வேண்டும் என்பதை 'லேஅவுட்'டில் சொல்லலாம். ஒவ்வொரு கட்டத்திலும் எந்த எண் வர வேண்டும் என்பதையும் அங்கிருந்தே மாற்றலாம். வேண்டாத திரையை நீக்கியும் விடலாம். கெட்டுப்போகுமோ என்ற பயம் வேண்டாம், எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப மாற்றிக்கொள்ளலாம்.

எதை வைப்பது என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு சோதனைதான். இந்த எண் ஏறினாலோ இறங்கினாலோ நான் ஓடும் விதத்தை மாற்றுவேனா? மாற்றுவேன் என்றால் முதல் திரை. இல்லையென்றால் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். கலோரி எவ்வளவு எரிந்தது என்று நடுவழியில் தெரிந்து நாம் செய்யப்போவது ஒன்றுமில்லை.

என் முதல் திரையில் மேல்பாதி லேப் பேஸ் (ஓடிக்கொண்டிருக்கும் கிலோமீட்டரின் சராசரி வேகம்), கீழ்ப்பாதி தூரம். இரண்டாவது திரையில் இதயத் துடிப்பும் ஓடிய நேரமும். மூன்றாவதில் மணி மட்டும். மாமியாருக்கு இன்சுலின் போடுவது நான்தான், 6.40க்கு வீட்டில் இருக்க வேண்டும். திரும்ப வேண்டிய நேரத்தை அந்தத் திரைதான் எனக்குச் சொல்கிறது. உங்களுக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். உங்கள் காலை எப்படிப் போகிறதோ அப்படி வையுங்கள்.

திரைகள் தானாக மாறும்படி 'ஆட்டோ ஸ்க்ரோல்' வைக்கச் சிலர் சொல்வார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. கையைத் திருப்பும் அந்த ஒரு நொடியில் நாம் தேடும் எண் இருக்காது, மறுபடி காத்திருக்க வேண்டும்.

கேள்வி: ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஒரே சீராகத்தான் ஓடுகிறேன். ஆனால் பேஸ் (ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம்) 5:20 காட்டுகிறது, அடுத்த கணம் 7:10. எதை நம்புவது? ஜனவரியில் முதல் அரை மாரத்தான் ஓடப்போகிறேன், இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க ஆசை.
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் சீராகத்தான் ஓடுகிறீர்கள் அம்மா, சந்தேகம் வேண்டாம். கிலோமீட்டருக்கு 6 நிமிட வேகத்தில் ஓடும்போது ஒரு விநாடியில் 3 மீட்டருக்கும் குறைவாகத்தான் நகர்கிறோம். அடர்ந்த மரங்களுக்கு அடியிலோ மேம்பாலத்தின் கீழோ ஜிபிஎஸ் அதைவிட அதிகமாகவே இடம் தவறும். அதனால் அந்தக் கணத்து வேகம் அப்படித்தான் குதிக்கும். திரையிலிருந்து 'பேஸ்' கட்டத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் 'லேப் பேஸ்' வையுங்கள். ஓட்டத்தைக் கடிகாரமே துண்டு துண்டாகப் பிரிக்கும் 'ஆட்டோ லேப்' ஒரு கிலோமீட்டரில் இருந்தால், இந்தக் கிலோமீட்டரை இதுவரை சராசரியாக எந்த வேகத்தில் ஓடியிருக்கிறீர்கள் என்று அது காட்டும். புதிய கிலோமீட்டர் தொடங்கி முதல் 200 மீட்டர் வரை அதுவும் கொஞ்சம் ஆடும், அப்போது பார்க்காதீர்கள்.

அப்படியானால் மொத்தச் சராசரியையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். நானும் அதைத்தான் வைத்திருந்தேன். என் மூன்றாவது அரை மாரத்தானில் 18 கிலோமீட்டர் வரை சராசரி 5:40. பத்தொன்பதாவது கிலோமீட்டரில் ஒரு பாலம் ஏற்றம், கால் கனத்துவிட்டது, 6:20க்கு விழுந்துவிட்டேன். திரையில் 5:42 என்று இருந்தது. வெறும் இரண்டு விநாடிதானே என்று நிம்மதியாக ஓடினேன். உண்மையில் அந்த ஒரு கிலோமீட்டரில் 40 விநாடி போய்விட்டது. ஏற்கெனவே ஓடிய 18 கிலோமீட்டரும் சேர்ந்து அதை மறைத்துவிட்டன. லேப் பேஸ் இருந்திருந்தால் பாலத்தின் மேலேயே தெரிந்திருக்கும். 2 மணி 2 நிமிடம் 42 விநாடியில் முடித்தேன். அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

இன்னொன்றும் அன்றுதான் கற்றேன். பந்தயத் தூரம் 21.0975 கிலோமீட்டர், என் கடிகாரம் 21.3 காட்டியது. வளைவுகளில் வெளிப்பக்கமாக ஓடுவது, தண்ணீர் மேசைக்கு ஒதுங்குவது, ஜிபிஎஸ் பிழை எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் கொஞ்சம் கூடத்தான் காட்டும். இரண்டு மணி நேரத்துக்குக் கணக்குப்படி 5:41 போதும். ஆனால் கடிகாரத்தில் 21.3 வருமென்றால் அதில் 5:38 தெரிய வேண்டும். நீங்கள் 5:36 என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிலோமீட்டர் பலகைகள் ஒழுங்காக வைக்கும் பந்தயம் என்றால் நான் இன்னொரு வேலையும் செய்வேன். அன்று மட்டும் ஆட்டோ லேப்பை அணைத்துவிட்டு, முதல் திரையில் 'லேப் டைம்' வைப்பேன். ஒவ்வொரு பலகையையும் தாண்டும்போது வலது பக்கக் கீழ்ப்பட்டனை ஒருமுறை அழுத்தினால் போதும், அந்தக் கிலோமீட்டருக்கு ஆன நேரம் வந்துவிடும். இதில் ஜிபிஎஸ்ஸுக்கு வேலையே இல்லை. 5:41க்குள் வந்தால் சரி. ஆனால் இதைப் பந்தய நாளில் முதன்முதலாகச் செய்யாதீர்கள். ரேஸ்கோர்ஸிலேயே நாலைந்து ஞாயிற்றுக்கிழமை பழகுங்கள். விரல் தானாகப் பட்டனுக்குப் போக வேண்டும்.

கேள்வி: மெதுவாகத்தான் ஓடுகிறேன், பேசிக்கொண்டே ஓட முடிகிறது. ஆனால் முதல் கிலோமீட்டரிலேயே இதயத் துடிப்பு 174 காட்டுகிறது. பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: தம்பி, ஒரு வாரத்துக்கு ஒரு திரையில் இதயத் துடிப்பையும் கேடன்ஸையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேடன்ஸ் என்பது நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்ற எண்ணிக்கை. இரண்டும் 170ஐ ஒட்டி ஒன்றாகவே ஏறி இறங்கினால், மணிக்கட்டு சென்சார் உங்கள் காலடியைத் துடிப்பென்று எண்ணிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே தள்ளி, ஆடாதபடி இறுக்கிக் கட்டுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் மார்பில் கட்டும் பட்டை வாங்கலாம். கேடன்ஸ் வேறு, துடிப்பு வேறு என்று தனித்தனியாக ஓடினால், அல்லது மார்பு இறுக்கமோ தலைசுற்றலோ இருந்தால், கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். அதுவரை ஓட வேண்டாம்.