வாட்டர் கூலிங் போட்டால் மாடி அறை குளிருமா?

கேள்வி: சத்துவாச்சாரியில் மொட்டை மாடிக்கு நேர் கீழே என் அறை. ஏசி இல்லை. ரைசன் 7 7700எக்ஸ் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு வைத்திருக்கிறேன். கத்திரி தொடங்கியதிலிருந்து கேம் ஆடினால் பத்தே நிமிடத்தில் பிராசஸர் 95 டிகிரியைத் தொடுகிறது. ஊரில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் ஒருவர், பிராசஸருக்கும் கார்டுக்கும் சேர்த்து முழு வாட்டர் கூலிங் 62,000 ரூபாயில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். நீலக் கலர் தண்ணீர், வளைத்த டியூப் எல்லாம் போட்டோவில் காட்டினார். அறைச் சூடும் குறையுமாம், வீட்டு ஆர்.ஓ. தண்ணீரே போதுமாம். எனக்கு இதுதான் முதல் முறை. போடலாமா? ஒழுகினால் என்ன ஆகும்?

பதில்: தம்பி, பணம் இன்னும் கைமாறவில்லை என்று உங்கள் கடிதத்தை வைத்து ஊகிக்கிறேன். அப்படியே இருக்கட்டும். அட்வான்ஸ்கூட வேண்டாம்.

அறைச் சூடு குறையும் என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். பிராசஸர் தலையில் இருக்கும் சூட்டைத் தண்ணீர் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்குகிறது. ஃபேன் அதை ஊதி வெளியே தள்ளுகிறது. எங்கே? உங்கள் அறைக்குள்தான். 7700எக்ஸ் முழு மூச்சில் ஓடினால் 142 வாட் வரை இழுக்கும், 4070 சுமார் 200 வாட். அந்தக் காலத்து நூறு வாட் குண்டு பல்பு மூன்றை மூடிய அறையில் எரியவிட்ட மாதிரி. கேமில் பிராசஸர் இவ்வளவு இழுக்காது, ஆனாலும் இழுக்கிற ஒவ்வொரு வாட்டும் கடைசியில் அறைக்குத்தான் வந்து சேரும். நீலத் தண்ணீர் ஓடினாலும் சரி, வெறும் ஃபேன் சுற்றினாலும் சரி.

இன்னொன்று. அறை 37 டிகிரி என்றால் தண்ணீர் அதற்குக் கீழே ஒருநாளும் போகாது. கேம் ஓடும்போது எட்டு, பத்து டிகிரி மேலேதான் நிற்கும். ஏசி போட்ட ஸ்டுடியோவில் 22 டிகிரியில் எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள். அங்கே 65 காட்டினால் நம் ஊர் மே மாதத்தில் அது 80. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி பதினோரு மணிக்கும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்த அறைக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும், மாடியில் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சும் செய்கிற உபகாரத்தை எந்த ரேடியேட்டரும் செய்யாது.

சரி, 95 டிகிரிக்கு வருவோம். அது அந்த சிப்புக்கு, அதைச் செய்யும் ஏஎம்டி கம்பெனியே வைத்திருக்கும் எல்லை. தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எரிந்துபோகாது. வீடியோ ரெண்டர் செய்யும்போது 95 வந்தால் நான் கவலைப்பட மாட்டேன். கேம் ஆடிப் பத்து நிமிடத்தில் வருகிறது என்றால் பிராசஸர் மேல் மாட்டியிருக்கும் உங்கள் கூலர் போதவில்லை, அல்லது சரியாக உட்காரவில்லை.

சென்ற வருடம் குடியாத்தத்திலிருந்து ஒரு பையன் மொபெட்டில் கேபினட்டைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்தான். இதே புகார். அவனிடமும் ஒருவர் வாட்டர் கூலிங் கொட்டேஷன் நீட்டியிருந்தார். கூலரின் நாலு திருகைக் கழற்றித் தூக்கினேன். அடியில் தாமிரத் தகட்டின் மேல் பளபளவென்று பிளாஸ்டிக் ஷீட். மாட்டுவதற்கு முன் உரித்துப் போடுங்கள் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. அசெம்பிள் செய்தவர் அதன் மேலேயே பேஸ்ட் (பிராசஸர் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசை) தடவி இறுக்கிவிட்டார். ஷீட்டை உரித்து, பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாகப் பட்டாணி அளவு வைத்து மாட்டியதும் இருபது டிகிரிக்கு மேல் இறங்கியது. செலவு, பேஸ்ட்டுக்கு முந்நூறு ரூபாய். ஆகவே நீங்களும் முதலில் கூலரைக் கழற்றிப் பாருங்கள். கேம் ஆடி முடித்துச் சூடு இருக்கும்போதே, லேசாகத் திருகித் திருகித் தூக்குங்கள். பேஸ்ட் இளகியிருக்கும், சுலபமாக வரும்.

அடுத்து பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் மதர்போர்டு செட்டிங்கில், ஈகோ மோட் இருக்கிறதா பாருங்கள். அதில் 65 வாட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் பிராசஸர் 88 வாட்டுக்கு மேல் இழுக்காது. கேமில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. சூடு மட்டும் இறங்கும். இதற்குச் செலவே கிடையாது. அதனால்தான் இதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை.

இரண்டும் செய்த பிறகும் போதவில்லை என்றால், நாலாயிரம் ரூபாய் அளவில் இரட்டைக் கோபுர ஏர் கூலர் (அறைக்கு வைப்பது இல்லை, பிராசஸர் மேல் ஃபேனோடு மாட்டுவது) உங்கள் பிராசஸருக்குத் தாராளம். இல்லை, தண்ணீர்தான் வேண்டும், ஆசையாக இருக்கிறது என்றால் அதில் தப்பில்லை. ஆசைக்கு நான் எதிரி இல்லை. ஆனால் முதல் முறை என்பதால் ஏ.ஐ.ஓ. (ஆல் இன் ஒன்) வாங்குங்கள். பம்ப், டியூப், ரேடியேட்டர் எல்லாம் கம்பெனியிலேயே கோத்து, நிரப்பி, மூடி வருவது. 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர் உள்ள நல்ல ரகம் ஏழெட்டு ஆயிரத்திலிருந்து கிடைக்கும். உங்கள் பிராசஸர் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கான பிராக்கெட் பெட்டியிலேயே இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் ஸ்கேலை எடுத்துக் கேபினட்டை அளக்க வேண்டும். 240, 360 என்பது ஃபேன்களைச் சேர்த்து வைத்த அளவுதான். 360 ரேடியேட்டரின் உண்மை நீளம் கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர், 240க்கு 28 என்று வைத்துக்கொள்ளுங்கள். தடிமன், ரேடியேட்டர் 27 மில்லிமீட்டர், ஃபேன் 25, ஆக 52. மேலே மாட்டுவதானால் இந்த 52 மில்லிமீட்டர் ரேமின் தலையில் இடிக்கிறதா பாருங்கள். விளக்கு எரிகிற ரேம் எல்லாம் உயரம் அதிகம். முன்பக்கம் மாட்டுவதானால் ரேடியேட்டரின் மேல் நுனி பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். எந்த ஏ.ஐ.ஓ.விலும் கொஞ்சம் காற்று இருக்கும். பம்ப் உச்சியில் இருந்தால் அந்தக் காற்று அங்கேயே போய்த் தங்கும். களகளவென்று சத்தம் வரும், பம்ப் சீக்கிரம் சாகும்.

இப்போது அந்த 62,000 ரூபாய் கொட்டேஷன். போட்டோ அனுப்பியிருக்கிறீர்கள், பார்த்தேன். "ரேடியேட்டர் 1, பம்ப் 1, பிளாக் 2, ஃபிட்டிங் 14, கூலன்ட், லேபர்" என்று எழுதியிருக்கிறது. பிளாக் என்பது சிப்பின் மேல் உட்கார்ந்து தண்ணீருக்குச் சூட்டைக் கொடுக்கும் உலோகக் கட்டி. எந்தக் கம்பெனி, எந்த மாடல், ரேடியேட்டர் தாமிரமா அலுமினியமா, ஒன்றும் இல்லை. மளிகைக் கடைச் சீட்டில்கூட துவரம் பருப்பு எந்த ரகம் என்று எழுதுவார்கள். இதைத்தான் நான் தலைபாடாக அடித்துக்கொண்டு சொல்கிறேன்: மாடல் பெயர் இல்லாத கொட்டேஷனை வாங்கவே வாங்காதீர்கள். பெயர் எழுதினால் நீங்கள் போனிலேயே விலை பார்த்துவிடுவீர்கள், அதனால் எழுத மாட்டார்கள். நடுவில் ஒருவருக்குக் கமிஷன் வேறு இருக்கும். கல்லூரி விடுதிப் பையன்களை அழைத்து வந்தால் தலைக்கு ஆயிரம் என்று எனக்கே ஒருவர் பேசிப் பார்த்தார்.

அலுமினியமா என்று ஏன் கேட்கிறேன்? பழைய வீடுகளில் இரும்பு ஜி.ஐ. பைப்பில் பித்தளை வால்வு கோத்த இடத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த மரையில் மட்டும் துரு பிடித்துத் தின்றிருக்கும். வேறு வேறு உலோகம் ஒரே தண்ணீரில் நனைந்தால் அது சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்கிறது. பலவீனமான உலோகம் கரைந்துபோகும். பிளாக் தாமிரம், ரேடியேட்டர் மலிவு அலுமினியம் என்றால் கரைவது அலுமினியம். வெள்ளையாகக் கூழ் மாதிரி வந்து, பிளாக்குக்குள் நூல்கூட நுழையாத இடைவெளிகளில் அடைத்துக்கொள்ளும். மாட்டிய அன்று எல்லாம் அழகாகத்தான் இருக்கும். சில மாதம் கழித்துச் சூடு ஏறும்போது அவர் போனை எடுக்க மாட்டார்.

இங்கே ஒரு கேள்வி வரும், வர வேண்டும். ஏ.ஐ.ஓ.விலும் ரேடியேட்டர் அலுமினியம், அடித்தகடு தாமிரம் தானே, அதை மட்டும் ஏன் வாங்கச் சொல்கிறேன்? உண்மைதான், பெரும்பாலானவற்றில் அப்படித்தான். ஆனால் அது மூடிய சமாச்சாரம். அரிப்பைத் தடுக்கும் மருந்தை அளந்து கலந்த திரவத்தைக் கம்பெனியில் நிரப்பி அடைத்துவிடுகிறார்கள். வெளிக்காற்று, வேறு தண்ணீர், யாருடைய கையும் உள்ளே போவதில்லை. அந்த மருந்தும் என்றென்றைக்கும் வேலை செய்யாது. டியூப் வழியாகத் தண்ணீரும் துளித்துளியாக ஆவியாகும். அதனால்தான் அதற்கு ஐந்தாறு வருடம் என்று ஆயுள் கட்டி வாரண்டி கொடுக்கிறார்கள். முடிந்ததும் தூக்கிப் போட வேண்டியதுதான். நீங்களே நிரப்பிக் காலி செய்கிற லூப்பில், அதாவது அவர் சொல்கிற மாதிரி தனித்தனியாகக் கோத்த வாட்டர் கூலிங்கில், அந்தக் காவல் கிடையாது. ஒருமுறை தப்புத் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. முழுக்க அலுமினியத்திலேயே செய்த கிட்டுகளும் ஒரு காலத்தில் வந்தன, அவற்றிலும் இந்தச் சண்டை இல்லை, உலோகம் ஒன்றே என்பதால். ஆனால் அதில் பின்னால் ஒரு தாமிர பிளாக்கைச் சேர்த்தீர்களானால் பழைய கதைதான். கலக்கக் கூடாது, கலந்தால் மூடியிருக்க வேண்டும். இவ்வளவுதான்.

ஆர்.ஓ. தண்ணீர் கூடவே கூடாது. நம் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு உங்களுக்குத் தெரியும், பக்கெட்டில் வெள்ளைப் படலம் கட்டும். ஆர்.ஓ. அதைக் குறைக்கும், ஒழிக்காது. குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று மெஷினே கொஞ்சம் உப்பை மிச்சம் வைக்கும். பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். போன மாதம் மூன்று இடத்தில் கேன் வாங்கி, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். பேனாவை விட்டுப் பார்த்தேன். ஒன்று 2 காட்டியது, ஒன்று 4. மூன்றாவது 71. லேபிளில் மூன்றிலும் ஒரே வார்த்தைதான். பேனா இருநூறு ரூபாய் சொச்சம், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டு ஆர்.ஓ.வுக்கும் உதவும். கலர் கூலன்ட் போட்டோவுக்குத்தான். அதிலும் பால் மாதிரி கெட்டியாக இருக்கும் ரகம் அடியில் படியும், அடைக்கும்.

கார்டுக்குத் தண்ணீர் வேண்டாம். அந்த பிளாக் ஒவ்வொரு கார்டின் போர்டுக்கும் தனித்தனி, மாற்றிப் போட முடியாது. கார்டைப் பிரித்தால் வாரண்டிக்காரர் திருகு மேல் இருக்கும் ஸ்டிக்கரைக் காட்டிக் கைவிரிப்பார். 4070 தன் ஃபேனிலேயே நிம்மதியாக ஓடும் கார்டு.

ஒழுகினால் என்ன என்று கேட்டீர்கள். நல்ல ஏ.ஐ.ஓ. ஒழுகுவது அபூர்வம். ஒழுகினால் கெட்டுப்போன மற்ற பாகங்களுக்கும் ஈடு தருகிற கம்பெனிகள் உண்டு. அதற்கு ஜிஎஸ்டி பில் வேண்டும், சீரியல் நம்பரோடு. "பில் போட்டால் 18 சதவீதம் கூடும் சார்" என்று கடைக்காரர் இழுப்பார். விடாதீர்கள்.

பில் இருந்தாலும் நடப்பது என்ன என்று எனக்குத் தெரியும். வேலூர் மாதிரி ஊரில் இவ்வளவு கல்லூரி, இவ்வளவு கம்ப்யூட்டர், ஆனால் ஒரு பம்பை மாற்றித் தர ஆள் இல்லை. ஈமெயில் போடு, டிக்கெட் நம்பர் வாங்கு, வீடியோ எடுத்து அனுப்பு, பெட்டி திறந்தபோது எடுத்த வீடியோ எங்கே, இன்னொரு கோணத்தில் எடு. பிறகு கூரியர், அல்லது காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை. போனால் அங்கே சாப்பாட்டு நேரம். ஒரு வாடிக்கையாளரின் ஏ.ஐ.ஓ.வுக்காக இரண்டு மாதம் இப்படி அலைந்திருக்கிறேன். வரி வசூலிக்க மட்டும் நொடியில் வேலை செய்கிற அதே கம்ப்யூட்டர்தான் வாரண்டி என்றால் சர்வர் டவுன் என்கிறது. அதனால் வாரண்டி மாற்று வரும்வரை ஓட்டுவதற்கு உங்கள் பழைய கூலரைப் பத்திரமாகப் பரணில் வையுங்கள், திருகுகளோடு.

அந்த ஆசாமி பேச்சில் மயங்கி முழு லூப்தான் என்று முடிவு செய்தீர்களானால், ஒன்றை மட்டும் எழுதி வாங்குங்கள். பம்பை மட்டும் தனி எஸ்.எம்.பி.எஸ்.ஸில் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் பெட்டி) ஓட்டி, ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கும் கீழே டிஷ்யூ பேப்பர் வைத்து, 24 மணி நேரம் உங்கள் கண் முன்னால் ஓட வேண்டும். பேப்பர் நனையாமல் இருந்தால்தான் மதர்போர்டுக்குக் கரண்ட். இதைக் கேட்டதும் அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தாலே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

எது மாட்டினாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரேடியேட்டர் இடுக்கில் இருக்கும் தூசியைப் புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும். கரண்ட் கட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், பம்பும் பிராசஸரும் ஒன்றாகத்தான் நிற்கும்.

கூலரைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஒரு வரி எழுதுங்கள். அடியில் ஷீட் இருந்தால் எந்தக் கடையில் அசெம்பிள் செய்தீர்கள் என்று எழுத வேண்டாம், எனக்கே தெரியும்.