சோமர்ட்டன் மனிதரின் மண்ணீரல் – கடிதம்

வணக்கம் ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் ஐந்து பேர். மூவருக்குச் செம்பனை ஆலையில் வேலை, ஒருவன் படிக்கிறான், நான் பேட்டரி கடையில் இருக்கிறேன். ஆறு மாதமாக எங்களுக்கு ஒரே பேச்சுதான்: 1948இல் ஆஸ்திரேலியக் கடற்கரையில் இறந்து கிடந்த ‘சோமர்ட்டன் மனிதன்’. அவன் விட்டுப்போன ரகசிய எழுத்தை உடைக்க ஒரு வாட்ஸ்அப் குழுவே வைத்திருக்கிறோம். அவன் உளவாளி என்பது என் கட்சி. ஆள் யாரென்று கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்கிறார்களே, அப்படியானால் கேஸ் முடிந்துவிட்டதா? இன்னொன்று. எங்கள் தோட்டத்துச் சுடுகாட்டில் பெயரில்லாத சமாதி ஒன்று இருக்கிறது. அறுபதுகளில் ஸ்டோருக்குப் பின்னால் இறந்து கிடந்த வெளியூர்க்காரர் என்கிறார்கள். அப்போதைய தண்டல்தான் (ஆட்களை மேற்பார்க்கும் தலைவர்) அடித்துப் போட்டார் என்றும் பேச்சு. அந்தத் தண்டலின் பேரப்பிள்ளைகள் இங்கேதான் தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறார்கள். இதை டிக்டாக்கில் தொடராகப் போட நண்பர்கள் துடிக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

மு. ச.

அன்புள்ள மு. ச.,

முதலில் அந்த ரகசிய எழுத்தை ஓரமாக வையுங்கள். ஐந்து வரி, அதில் ஒன்று அடிக்கப்பட்டது. அதை விட்டால் மிஞ்சுவது 44 எழுத்து. 1978இலேயே ஆஸ்திரேலியப் பாதுகாப்புத் துறையின் நிபுணர்கள் இதைப் பார்த்துவிட்டு, எந்த முடிவுக்கும் வர இந்த அளவு போதாது என்று சொல்லிவிட்டார்கள். சொற்களின் முதல் எழுத்துகளை மட்டும் வரிசையாகக் குறித்தது போலத்தான் அது தெரிகிறது. அப்படியானால் ‘உடைப்பது’ என்ற பேச்சுக்கே இடமில்லை. பள்ளியில் முதன்முதலாக மனப்பாடம் செய்த ஈரடியின் முதல் எழுத்துகளை எடுங்கள்: அ, மு, எ, ஆ, ப, மு, உ. ‘அம்மா முருங்கைக்கீரை எடுத்து ஆய்ந்து பருப்போடு முழுதாய் உலையிலிட்டாள்.’ இதுவும் கச்சிதமாகப் பொருந்துகிறது! ஏழு எழுத்துக்கே இந்தக் கதி. போதாததற்கு, அந்த எழுத்து இருந்த புத்தகமே பின்னாளில் தொலைந்துபோனது. உங்கள் குழு பெரிதாக்கிப் பார்ப்பது போலீஸ் எடுத்த படத்தை. அதில் முதல் எழுத்து எம்மா டபிள்யூவா என்பதிலேயே இன்னும் சண்டை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக. 1948 டிசம்பர் 1 காலை, அடிலெய்டுக்குப் பக்கத்தில் சோமர்ட்டன் கடற்கரையில் சுவரில் தலை சாய்த்தபடி ஒருவர் இறந்து கிடந்தார். உடுப்புப் பைகளில் பயன்படுத்தாத ரயில் டிக்கெட், சீப்பு, சூயிங்கம், சிகரெட். உடுப்புகளில் லேபிள் இல்லை. 1949 ஜனவரியில் அடிலெய்டு ரயில் நிலையத்தில் ஒரு சூட்கேஸ் அகப்பட்டது. பிறகு காற்சட்டையின் குட்டிப் பையில் சுருட்டிய துண்டுத் தாள் கிடைத்தது. அதில் அச்சிட்டிருந்தது ‘தமாம் ஷுட்’. பாரசீகக் கவிஞர் உமர் கய்யாமின் ருபாயியத் நூலின் கடைசிச் சொல், முடிந்தது என்று பொருள். பழைய மலாய்ப் படங்களின் கடைசியில் ‘தாமாட்’ என்று போடுவார்களே, தமாமும் தாமாட்டும் ஒரே அரபு வேரிலிருந்து வந்தவை. தாள் கிழிக்கப்பட்ட புத்தகமும் 1949 ஜூலையில் போலீஸ் கைக்கு வந்தது. அதன் பின்னட்டையில்தான் உங்கள் 44 எழுத்து.

லேபிள் இல்லாததுதான் உளவாளிக் கட்சியின் பெரிய ஆதாரம். சூட்கேஸில் இருந்த டை, பனியன், சலவைப் பை இவற்றில் ‘கீன்’ என்ற பெயர் இருந்தது. காற்சட்டையில் 1171/7, 4393/7, 3053/7 என்ற எண்கள். இவை டோபி கடைக் குறிகள். நம் ஊர் டோபி காலர் உட்புறத்தில் அழியாத மையில் போடுகிற அதே குறி. உளவாளி லேபிளை வெட்டிவிட்டுச் சலவை எண்ணை விட்டுவைப்பானா? கைமாறிய உடுப்பு என்று எண்ணினால் எல்லாம் பொருந்துகிறது. போர் முடிந்த காலத்தில் பழைய துணி வாங்கிப் போடுவதும், முந்தைய சொந்தக்காரரின் பெயர்த் துணியைப் பிரித்தெடுப்பதும் சாதாரணம். 2022இல் சொல்லப்பட்ட பெயர் கார்ல் வெப், 1905இல் மெல்பர்னின் ஃபுட்ஸ்கிரேயில் பிறந்தவர், மின் கருவிகள் செய்யும் தொழில். அவருடைய அக்காவின் கணவர் பெயர் தாமஸ் கீன். மச்சான் போட்ட டை, அவ்வளவுதான். 73 வருடம் உலகம் தேடிய மர்மக் கீன்!

உளவாளிப் பேச்சு ஏன் அவ்வளவு வேகமாகப் பிடித்தது என்பது உங்கள் ஊர்க்காரருக்கு எளிதில் புரியும். அதே 1948 ஜூன் 16இல்தான் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைகள் சுடப்பட்டு அவசரகாலம் வந்தது. அடிலெய்டின் வடக்கே ஊமராவில் ராக்கெட் சோதனைத் தளம் எழுந்துகொண்டிருந்தது. கம்யூனிஸ்ட், உளவு என்பது அன்றைக்கு எல்லார் வாயிலும் இருந்த சொல். பெயரில்லாத பிணத்துக்கு ஊரில் அப்போது எந்தப் பயம் ஓடுகிறதோ அந்தச் சட்டையைப் போட்டுவிடுவார்கள். தண்டல் கதையைக் கேட்கும்போதும் இதை மனத்தில் வையுங்கள்.

ஆளைக் காட்டிக்கொடுத்தது முடி. 1949இல் புதைப்பதற்கு முன் தலைக்கும் தோளுக்கும் பிளாஸ்டர் அச்சு எடுத்தார்கள். அந்தப் பிளாஸ்டரில் ஒட்டிக்கொண்ட முடிகளை அடிலெய்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டெரெக் அபட் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடியின் தண்டில் மரபணு துண்டு துண்டாக உடைந்து கிடக்கும். பழைய முறையில் தாய்வழித் தடம் மட்டும் தெரியும், ஆள் தெரியாது. வேரில்லாத முடியிலிருந்தே முழு மரபணுவைக் கோக்கும் நுட்பம் அண்மையில் வந்ததுதான். கிடைத்ததை ஜெட்மேட்ச் என்ற பொது மரபணுத் தளத்தில் ஏற்றி, தூரத்து உறவினர் ஒருவரைப் பிடித்து, அங்கிருந்து மேலே ஏறிக் கீழே இறங்கி, மரபணு வம்சாவளி நிபுணர் கொலீன் ஃபிட்ஸ்பாட்ரிக்கோடு சேர்ந்து சுமார் 4,000 பேர் கொண்ட குடும்ப மரம் போட்டார்கள். அதில் இறப்புப் பதிவு இல்லாத ஓர் ஆண் வெப். பிறகு தாய்வழியிலும் தந்தைவழியிலும் உறவினர்களின் மரபணுவை ஒப்பிட்டு உறுதி செய்தார்கள். 2021 மே மாதத்தில் உடலைத் தோண்டியெடுத்த போலீஸ், அறிவிப்பு வந்த நாளில் அதை ஏற்கவில்லை. தங்கள் சோதனை தனியாக நடக்கிறது என்றே சொன்னது.

இப்போது உங்கள் கேள்வி: கேஸ் முடிந்ததா? பெயர் ஒரு கேள்வி, சாவு இன்னொரு கேள்வி. இரண்டாவதில் 1949இலிருந்து ஓர் அடிகூட நகரவில்லை. சவப்பரிசோதனையில் இதயம் சரியாக இருந்தது, ஈரலிலும் வயிற்றிலும் இரத்தம் கட்டியிருந்தது, மண்ணீரல் வழக்கத்தைப் போல மூன்று மடங்கு. விஷம் தேடினார்கள், அகப்படவில்லை. டிஜிடாலிஸ், ஊபைன் என்ற இரண்டு பெயர்களை ஒரு பேராசிரியர் தாளில் எழுதி நீதிமன்றத்தில் கொடுத்தார், வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டும் நம் அரளி விதையின் சாதி. இதயத்தின் துடிப்பைக் குலைத்து நிறுத்தும். அன்றைய சோதனையில் சுலபமாகச் சிக்காது. ஆனால் உங்கள் குழுவில் யாரும் கேட்காத கேள்வி, மண்ணீரல் ஏன் வீங்கியது? ஒரே இரவில் கொல்லும் விஷம் மண்ணீரலை மூன்று மடங்காக்காது. நெடுநாள் நோய்தான் ஆக்கும்: ஈரல் கெட்டால், இரத்த நோய் வந்தால், மலேரியா இருந்தால். தோட்டத்துப் பழைய ஆட்களிடம் கேளுங்கள், டிரசர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி இடது விலாவுக்குக் கீழே அமுக்கிப் பார்ப்பார். மலேரியாவை எதிர்த்த மருத்துவர் மால்கம் வாட்சன் கிள்ளானுக்கு வந்த காலத்திலிருந்து, ஒரு தோட்டத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு மண்ணீரல் கைக்குத் தட்டுகிறது என்பதை வைத்துத்தான் அங்கே மலேரியா எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். ஆக, சோமர்ட்டன் மனிதர் ஏற்கெனவே நோயாளியாக இருந்திருக்கலாம். கொலை, தற்கொலை, நோய் மூன்றும் இன்னும் மேசையில்தான் இருக்கின்றன. 1958இல் மரண விசாரணை அதிகாரியும் இன்னார் என்றோ இதனால் என்றோ சொல்ல முடியவில்லை என்றுதான் முடித்தார். 1948 டிசம்பர் 10ஆம் தேதியே உடலில் மருந்தேற்றிப் பதப்படுத்திவிட்டதால், இனி விஷம் தேடுவதும் கஷ்டம்.

‘தெரியவில்லை’ என்ற தீர்ப்பைக் கொலை என்று படிப்பது நம் நாட்டிலும் நடக்கிறது. 2019இல் சிரம்பான் அருகே காணாமல்போய் இறந்து கிடைத்த பிரெஞ்சு-ஐரிஷ் சிறுமியின் வழக்கில், 2021 ஜனவரியில் விபத்துச் சாவு என்று தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு ஜூனில் உயர்நீதிமன்றம் அதை மாற்றித் திறந்த தீர்ப்பு என்றது. ஆதாரம் எந்தப் பக்கமும் போதவில்லை என்பது அதன் பொருள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 337ஆம் பிரிவு, மரண விசாரணை கேட்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறது: எப்போது, எங்கே, எப்படி, எவ்விதமாக இறந்தார், அதில் யாருக்கேனும் குற்றப் பங்கு உண்டா. உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இந்த ஐந்தையும் ஐந்து பக்கத்தின் தலைப்பாக எழுதுங்கள். ஐந்தாவது பக்கம் நெடுநாள் காலியாக இருந்தால் பரவாயில்லை.

சமாதிக்கு வருகிறேன். மண்ணைத் தொடாதீர்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் தோண்டினால் அது உங்கள் மேல் கேஸாகும். மரபணுவிலும் அவசரப்படாதீர்கள். எலும்பு கிடைத்தாலும் சோமர்ட்டன் வழி நமக்கு அப்படியே ஓடாது. பொதுவான மரபணுவைச் சென்டிமார்கன் என்ற அலகில் அளப்பார்கள்: உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளுக்குள் சராசரி 866, அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்குள் 229. அத்தை மகள், மாமன் மகள் என்று மூன்று தலைமுறை கட்டிக்கொண்ட குடும்பத்தில் தூரத்து உறவும் நெருங்கிய உறவு போல எண் காட்டும். மேலும் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறும், முனியாண்டியைச் சூராட் பெரானாக்கில் (பிறப்புப் பத்திரத்தில்) மூன்று விதமாக எழுதியிருப்பார்கள்.

ஆகவே தாளில் தொடங்குங்கள். சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளத்தில் பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் இலவசம். தோட்டத்தை நாம் அழைக்கும் தமிழ்ப் பெயரில் தேடினால் எதுவும் வராது, கம்பெனிப் பெயரில் தேடுங்கள். அச்சு மங்கிய இடங்களில் கணினி எழுத்தைத் தவறாகப் படித்திருக்கும், எனவே சுங்கை சிப்புட் என்பதன் நாலைந்து ஆங்கில எழுத்துக்கூட்டுகளையும் போட்டுப் பாருங்கள். செக்ரோல் எனப்படும் ஆள் பதிவுப் புத்தகத்தில் எந்த மாதத்தோடு யார் பெயர் வராமல் நின்றது என்பதைக் குறியுங்கள். நின்ற பெயரெல்லாம் செத்தவர் அல்ல. 1969க்குப் பின் வேலைப் பெர்மிட் சட்டத்தால் குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரர் பலர் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள்.

பெரியவர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள், திண்ணையில் கூட்டமாக உட்காரவைத்தால் உரத்துப் பேசுபவரின் ஞாபகமே எல்லாருடைய ஞாபகமும் ஆகிவிடும். ‘எந்த வருடம்’ என்று கேட்காதீர்கள். அந்த வருடத் தீமிதிக்கு முன்பா பின்பா, தோட்டம் துண்டாடப்படுவதற்கு முன்பா, 1969 மே 13 கலவரத்துக்கு முன்பா என்று கேளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘பார்த்தார்’, ‘கேட்டார்’ என்று இரண்டில் ஒன்றைக் குறியுங்கள். 2013இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஹோட்டலின் கூரைத் தண்ணீர்த் தொட்டியில் இறந்து கிடந்த கனடியப் பெண்ணின் விஷயத்தில், தொட்டி மூடி மூடியிருந்தது என்ற ஒரு ‘கேட்டார்’ மேல்தான் உலகமே கொலைக்கதை கட்டியது. உடலைக் கண்ட பணியாள் சொன்னதோ, மூடி திறந்திருந்தது என்று. அதற்குள் அந்த நேரத்தில் அங்கே தங்கியிருக்கவே இல்லாத ஓர் இசைக்கலைஞரைக் கொலைகாரர் என்று இணையம் துரத்தியிருந்தது.

தண்டல் பெயரைத் தொடரில் சொல்லக் கூடாது. இறந்தவருக்காகச் சிவில் அவதூறு வழக்கு இல்லைதான், ஆனால் பேரப்பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள், 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவும் இருக்கிறது. பெயரை மறைத்து ‘அப்போதைய தண்டல்’ என்றாலும் ஊருக்குத் தெரியும், ஆகவே அந்த வரியே வேண்டாம்.

முதலில் போக வேண்டியது தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்த டிரசரின் குடும்பத்திடம். வெளியூர் ஆள் தோட்டத்தில் இறந்தால் முதலில் ஆளனுப்பிக் கூப்பிட்டது அவரைத்தான். நோயாளிப் பதிவேடு ஏதாவது பெட்டியில் கிடந்தால் ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரிக்காதீர்கள், வெயிலில் போடாதீர்கள். நிழலில் மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் ஆறவிட்டு, தானாகப் பிரிகிற பக்கத்தை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படமெடுங்கள்.