ஜெர்மன் தெரிந்தும் யிட்டிஷ் வாசிப்பில் தடங்கல்
வணக்கம். ஜெர்மன் தெரியும், எபிரேய எழுத்துகளும் படித்தாயிற்று, ஆனாலும் யிட்டிஷ் கதைப் புத்தகத்தில் வரிக்கு ஒரு சொல்லில் முட்டி நிற்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். தப்பு உங்கள் மேல் இல்லை. யிட்டிஷ் ஐரோப்பிய யூதர்களின் மொழி; ஜெர்மானிய அடிப்படையில் எபிரேயச் சொற்களும், போலிஷ், ரஷ்யன் போன்ற ஸ்லாவிய மொழிச் சொற்களும் கலந்து, எபிரேய எழுத்தில் எழுதப்படுவது. அதனால் ஒரே பக்கத்தில் இரண்டு எழுத்துக்கூட்டல் முறைகள் ஓடுகின்றன.

ஜெர்மானியச் சொற்களையும் ஸ்லாவியச் சொற்களையும் ஒலிக்கிறபடியே எழுதுவார்கள். அங்கே அயின் எழுத்துதான் 'எ'. எபிரேய, அரமேயச் சொற்களோ உயிரொலி காட்டாமல் பழைய எழுத்துக்கூட்டலிலேயே நிற்கும். 'உண்மை' என்பதற்கான சொல்லைப் பாருங்கள்: அலெஃப், மெம், தவ், மூன்றே எழுத்து. வாசிப்பது 'எமெஸ்'. எழுத்துக் கூட்டி இதைப் பிடிக்கவே முடியாது, பழகத்தான் வேண்டும். 1968இல் வந்த யூரியல் வைன்ரைக் அகராதி இத்தகைய சொற்களுக்கு உச்சரிப்பும் தருகிறது. வாங்கிவிடுங்கள்.

அதற்குமுன், புத்தகம் எங்கே அச்சானது என்று பாருங்கள். 1930களின் மாஸ்கோ என்றால் வேலை சுலபம். சோவியத்காரர்கள் எபிரேயச் சொற்களையும் ஒலிப்படியே எழுத வைத்தார்கள். அதே 'எமெஸ்' அங்கே அயின், மெம், அயின், சாமெக். அந்தப் பெயரிலேயே ஒரு நாளிதழ் நடத்தி, 1938இல் அதையும் மூடினார்கள்; உண்மைக்கு அங்கே அவ்வளவுதான் ஆயுள்! பழகுவதற்கு மட்டும் அந்தக் காலப் புத்தகங்கள் நல்லவை.

அமெரிக்காவின் ஆம்ஹெர்ஸ்டில் ஆரன் லான்ஸ்கி 1980இல் தொடங்கிய யிட்டிஷ் புத்தக மையத்தின் தளத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பலவும் குப்பைக்குப் போகவிருந்தவை.

முட்டி நிற்கும் சொற்களில் நாலைந்தை எழுதிப் போடுங்கள், பார்க்கலாம்.