தடுமாறுகிற சாட்சியை நம்புவார்களா?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் அடிதடி வழக்கில் என் சித்தப்பா சாட்சி. தர்மபுரி கோர்ட்டில் கூண்டேறப் போகிறார். நாலு பேர் முன்னால் பேசினாலே வியர்த்துப்போகிறவர். அமெரிக்காவில் ஜூரிகள் முகத்தைப் பார்த்தே பொய்யைப் பிடிப்பார்களாமே, இங்கே நீதிபதியும் அப்படித்தானா?

ஒரு வாசகர், பாலக்கோடு

அன்புள்ள தம்பிக்கு,

முகத்தைப் பார்த்துப் பொய்யைப் பிடிப்பது ஜூரிக்கும் கைவராத வித்தை. பொய்யை அடையாளம் காணும் சோதனைகளை 2006-இல் தொகுத்துப் பார்த்ததில், மனிதர்கள் சரியாகச் சொன்னது நூற்றுக்கு 54 தடவைதான். காசைச் சுண்டினாலே 50 வரும். அங்கே ஜூரிக்கு நீதிபதி சொல்லும் அறிவுரையில் சாட்சியின் தோரணையும் உண்டு. கூடவே, பார்க்க வாய்ப்பிருந்ததா, தீர்ப்பால் ஆதாயம் உண்டா, மற்ற சான்றுகளோடு பொருந்துகிறதா என்றும் யோசிக்கச் சொல்கிறார்கள்.

இங்கே குற்ற வழக்குகளில் ஜூரி முறை 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு முடிந்துவிட்டது. நீதிபதியும் தோரணையைக் குறித்து வைக்கலாம். ஆனால் அவர் தீர்ப்புக்குக் காரணம் எழுதியாக வேண்டும். வியர்த்ததை மட்டும் காரணமாக எழுதினால் மேல்முறையீட்டில் நிற்காது.

சித்தப்பாவுக்கு உண்மையான சோதனை, போலீஸில் அவர் முதலில் சொன்னதுதான். அந்த வாக்குமூலத்தில் அவர் கையெழுத்து இருக்காது, வாங்கவும் கூடாது. எழுதிய வார்த்தைகள் அதிகாரியுடையவை. அதனால் எதிர்த்தரப்பு வக்கீல் முரண் காட்ட வேண்டுமானால், குறிப்பிட்ட வரியைச் சித்தப்பாவின் கவனத்துக்குக் கொண்டுவந்து கேட்க வேண்டும். 'அப்படிச் சொல்லவில்லை' என்று மறுத்தால், விசாரணை அதிகாரியின் சாட்சியம் வழியாக அதை நிரூபிக்க வேண்டும்.

எத்தனை மணி, எத்தனை அடி தூரம் என்பதில் பிசகினால் பெரிய கேடில்லை. நேரத்தை யாரும் தோராயமாகத்தான் சொல்வார்கள் என்று 1983-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. யார், எதால், எங்கே அடித்தார் என்பது ஆஸ்பத்திரி தந்த காயச் சான்றிதழோடு ஒத்துப்போக வேண்டும். பலர் சறுக்குவது வேறு இடத்தில்: போலீஸில் சொல்லாத ஆளைக் கோர்ட்டில் புதிதாகச் சேர்ப்பார்கள், தெரியாததற்கு ஊகித்துப் பதில் சொல்வார்கள். 'தெரியாது' என்பது நல்ல பதில்.

உங்கள் மாவட்டத்திலேயே பாருங்கள். வாச்சாத்தி மலைக்கிராமத்தில் 1992-இல் வனத்துறையினரும் போலீஸாரும் நடத்திய வன்கொடுமைக்கு, குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் தர்மபுரி நீதிமன்றம் 2011-இல் தண்டித்தது. எழுத்தறியாத மலைவாழ் பெண்களின் வார்த்தை அரசு அதிகாரிகளுக்கு எதிராக நின்றது; 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

கேள்வி புரியாவிட்டால் மறுபடி கேட்கச் சொல்லட்டும். சாட்சியத்தைப் பதிவுசெய்து முடித்ததும் படித்துக் காட்டுவார்கள். தவறாக எழுதியிருந்தால் அப்போதே சொல்லட்டும், நீதிபதி அதைக் குறித்துக்கொள்வார்.