ஒரு திருச்சபை உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களுக்கு எப்படி உதவுகிறது?
வாராந்திரக் காணிக்கை பெரும்பாலும் சபையின் சொந்தச் செலவுக்கே சரியாகிவிடும். அதனால் பல சபைகள் ஆண்டு பட்ஜெட்டிலேயே ஒரு பங்கை வெளி உதவிக்கென ஒதுக்குகின்றன, அல்லது ஒரு ஞாயிறன்று தனிக் காணிக்கை எடுக்கின்றன. யாருக்குக் கொடுப்பது என்பதைப் பொதுவாக ஒரு குழு தீர்மானிக்கும். இது புதிதல்ல. பந்தி விசாரிப்புக்கு, அதாவது உணவுப் பகிர்வைக் கவனிக்க, ஏழு பேரைத் தெரிந்தெடுத்த கதை பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ம் அதிகாரத்திலேயே இருக்கிறது.

என்னைக் கேட்டால், பணத்தைவிட ஆள்பலம்தான் பெரிய உதவி. உணவுப் பொட்டலம் கட்ட, முதியோரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக, மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வாராவாரம் ஆள் வேண்டும். கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர் கிடைத்தால் சிறிய தொண்டு இல்லங்களுக்கு அதுவே நிம்மதி. பண்டிகைக்கு மட்டும் கூட்டமாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் அவர்களுக்கு வேலைதான் கூடும். அப்புறம், பழைய துணிகளைக் கொண்டுபோய்க் குவிக்கும் முன் என்ன தேவை என்று கேட்டுவிடுங்கள்.